சேலத்து கேமிங் சென்டர் ஓனர் அண்ணன்மாருங்களுக்கு: அந்த பழைய பிசிய தள்ளிவிடாதீங்க

அண்ணா வணக்கம்ங்க. அஞ்சு ரோடு, அம்மாபேட்டை, தாதகாப்பட்டின்னு அஞ்சாறு பிசி போட்டு கேமிங் சென்டர் ஓட்டிட்டிருக்கிற உங்க எல்லாருக்கும் சேர்த்துதான் எழுதறேன். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சு, அது உங்களுக்கே தெரியும், ஆனா நான் போற சென்டர்ல எல்லாம் ஒண்ணு அதே விண்டோஸ் 10 அப்டேட் இல்லாம ஓடிட்டிருக்கு, இல்லன்னா "பழச வந்த வெலைக்கு தள்ளிட்டு புது செட்டு எடுக்கப் போறேன்பா"ங்கறீங்க. ரெண்டுமே வேணாம்ணா.

அப்டேட் இல்லாத அந்த மெஷின்லதான் நம்ம பசங்க ஸ்டீம் பாஸ்வேர்டு அடிக்கறாங்க, ஜிமெயில் தொறக்கறாங்க, லாகவுட் கூட பண்ணாம எந்திரிச்சு போயிடறாங்க. புது செட்டுன்னா ராம் வெலை ஏறிக் கெடக்கற கெடப்புல நீங்க போடற காச மணிக்கணக்கு ரேட்டுலதான் எடுக்கணும், அப்ப செவ்வாய்ப்பேட்டைல வெள்ளிப்பட்டறை வேலை முடிச்சிட்டு ஒரு மணி நேரம் விளையாட வர்ற பையன் வரமாட்டான், அவன் வீட்ல கேமிங் பிசி கெடையாது, உங்க சென்டர்தான் அவனுக்கு எல்லாம்.

உங்ககிட்ட பரவலா இருக்கறது என்ன, ஃபோர்த் ஜென் ஐ5 ப்ராசஸர், எட்டு ஜிபி ராம், செகண்ட் ஹேண்ட்ல வாங்குன ஆர்எக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்டு, அப்படித்தானே? விண்டோஸ் 11க்கு இன்டெல்ல எட்டாவது ஜென் வேணும், டிபிஎம் 2.0ங்கற செக்யூரிட்டி சிப் வேணும், அதனால "இந்த பிசிக்கு ஆகாது"ன்னு சொல்லிடும். குறுக்கு வழில ஏத்திடலாம்னு சில பேர் சொல்லுவாங்க, ஏத்தலாம்தான், ஆனா விண்டோஸ் 11ல டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் (பிசி ஆன் ஆகறப்ப ஓஎஸ்ஸ சரிபாக்கற செட்டிங்) இல்லாம வேலரன்ட் கேம் தொறக்காது, அதுக்காகத்தானே நீங்க ஏத்துனதே.

அந்த மெஷின்ல விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ்ங்கற இலவச ஓஎஸ் போடுங்கணா. லினக்ஸ்னதும் கவர்மென்ட் லேப்டாப்ல வந்த பாஸ் லினக்ஸ் ஞாபகம் வரும், அத அழிச்சிட்டு விண்டோஸ் மட்டும் வெச்சுக்கிட்டவங்க நம்மூர்ல எத்தன பேரு. அந்தக் காலம் வேற. 2018ல ஸ்டீம் நடத்தற வால்வ் கம்பெனி, விண்டோஸ் கேம லினக்ஸ்ல ஓட்டற ப்ரோட்டான்னு ஒண்ண ஸ்டீமுக்குள்ளயே குடுத்தாங்க, 2022ல வந்த ஸ்டீம் டெக்குங்கற கையடக்க கேமிங் மெஷின்ல விண்டோஸ் கேமெல்லாம் அதுலதான் ஓடுது. கேம் விண்டோஸோட கிராஃபிக்ஸ் மொழியான டைரக்ட்எக்ஸ்ல கேக்கறத, ப்ரோட்டானுக்குள்ள இருக்கற டிஎக்ஸ்விகே அப்பப்ப லினக்ஸுக்குப் புரியற வல்கனுக்கு மாத்திக் குடுக்குது, ப்ராசஸர் விண்டோஸ் பிசில இருக்கற அதே எக்ஸ்86 வகை தாங்கறதால அந்தப் பக்கம் எமுலேஷனே (ஒரு ப்ராசஸர் கட்டளைய இன்னொண்ணுக்கு மாத்தறது) கெடையாது, அதனாலதான் ஆர்எக்ஸ் 580 மாதிரி ஏஎம்டி கார்டுல நெறைய கேம் விண்டோஸ்ல வர்ற எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தன ஃப்ரேம்) பக்கத்துலயே நிக்குது, டிரைவர் கூட தனியா போட வேண்டியதில்ல, உள்ளயே வருது. முதல் தடவை கேம் தொறக்கறப்ப அங்கங்க திக்கும், ஷேடர், அதாவது கிராஃபிக்ஸ் கோடு, உங்க கார்டுக்கு ஏத்த மாதிரி கம்பைல் ஆகற வரைக்கும்தான், ரெண்டு ரவுண்டு ஆடுனா சரியாயிடும், அதப் பாத்துட்டு உடனே அழிச்சிடாதீங்க.

ஆர்ம் (ARM) ப்ராசஸர் மெஷின், மேக் மினி எல்லாம் யாராச்சும் சொன்னா சென்டருக்கு வேணாம், அங்க ப்ராசஸர் கட்டளையையே மாத்தி ஓட்டணும், போதாக்குறைக்கு சிஎஸ்2 (கவுன்டர் ஸ்ட்ரைக் 2) மேக்குக்கு வரவே இல்ல.

ஓடாதத மறைக்க மாட்டேன், இதுதான் முக்கியம். வேலரன்ட் லினக்ஸ்ல ஓடாது, ஏமாத்தி ஆடறத தடுக்கற அதோட ஆன்டி சீட் சாஃப்ட்வேர் வேன்கார்டு விடாது. ஃபோர்ட்நைட், பப்ஜி, புது எஃப்சி ஃபுட்பால் கேமுங்க ஓடாது. ஏபெக்ஸ் ஓடிட்டிருந்துச்சு, 2024ல அந்த கேம் கம்பெனியே அடைச்சுட்டாங்க. ஜிடிஏ 5 ஸ்டோரி ஓடும், ஆன்லைன் ஓடாது, பசங்க ஆர்பி (ரோல்ப்ளே) ஆடற ஜிடிஏ மோட் ஃபைவ்எம் லினக்ஸுக்கு வரல. மொபைல் கேம பிசில ஓட்டற புளூஸ்டாக்ஸும் இல்ல. இதெல்லாம் மெஷினோட கொற இல்ல, ஆன்டி சீட் போட்டவங்களும் லினக்ஸுக்கு குடுக்காதவங்களுமா அந்தந்த கம்பெனிங்க எடுத்த முடிவு. சிஎஸ்2, டோட்டா 2, மைன்கிராஃப்ட் ஜாவா இதெல்லாம் லினக்ஸுக்குன்னே இருக்கு, சிங்கிள் ப்ளேயர் கேம்ல முக்கால்வாசி ப்ரோட்டான்ல ஓடும்.

அதனால எல்லா மெஷினையும் மாத்தச் சொல்லல. புதுசா இருக்கற ரெண்டு மூணு செட்ட வேலரன்ட்டுக்கு விண்டோஸ் 11ல வைங்க, பழசுல லினக்ஸ், எந்த மெஷின்ல எந்த கேம்னு செவுத்துல ஒரு லிஸ்ட் ஒட்டுங்க, பழைய மெஷினுக்கு மணிக்கு அஞ்சு பத்து கொறச்சுக்குங்க. பஸைட்டுங்கற (Bazzite) கேமிங் லினக்ஸ் போட்டீங்கன்னா பசங்க என்ன நோண்டினாலும் சிஸ்டம் பைல்ல கைவைக்க முடியாது, அப்டேட் சொதப்பினா முந்தின வெர்ஷனுக்கே போயிக்கலாம், சென்டருக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். என்விடியா ஜிடி 710 மாதிரி பழைய கார்டு இருந்தா அதுல முயற்சி பண்ணாதீங்க, அதோட பழைய டிரைவர் வல்கன் 1.2வோட நின்னுடுச்சு, இப்ப வர்ற டிஎக்ஸ்விகே வல்கன் 1.3 கேக்குது. முதல்ல ஃபேன்ல இருக்கற தூசியத் தட்டி தெர்மல் பேஸ்ட் மாத்துங்க, சித்திரை வெயில்ல கார்டு கொதிச்சா எந்த ஓஎஸ்ஸும் ஒண்ணும் பண்ணாது.

ஒரே ஒரு மெஷின்ல பாருங்கணா. பழைய எஸ்எஸ்டிய கழட்டி பத்திரமா வெச்சுட்டு வேற ஒண்ணுல போடுங்க, புடிக்கலன்னா பழசையே மாட்டிக்கலாம். கேம் போல்டர விண்டோஸ் ஃபார்மட் பண்ண என்டிஎஃப்எஸ் டிரைவ்லயே வெச்சு ஓட்டாதீங்க, ப்ரோட்டான் அதுல தகராறு பண்ணும். போடத் தெரிஞ்ச ஆள் இல்லன்னா சொல்லியனுப்புங்க, ஞாயித்துக்கெழம காலைல கூட்டம் வர்றதுக்குள்ள வந்து போட்டுக் குடுத்துட்டுப் போறேன், காசெல்லாம் வேணாம்.