நடுராத்திரிக் காட்சி ஒன்று வேண்டும்

கோவையில் திரைப்பட விழா நடத்தும் சங்கத்தின் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். சங்கத்தின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

விழா மலருக்காக நான் அனுப்பிய ஐந்து விமர்சனங்களில் மூன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பி அனுப்பினீர்கள். திரும்பி வந்த இரண்டும் திகில் படங்களைப் பற்றியவை. போனில் பேசிய பெரியவர், "பேய்ப் படமெல்லாம் நம்ம விழாவுக்கு ஒத்து வராதுங்க, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார். தப்பாக நினைக்கவில்லை. ஆனால் ரெண்டு நாளாக உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குக் கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஈரோட்டில் மஞ்சள் மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வருடம் முழுக்க விரலி, கிழங்கு, குவிண்டால் என்று போய்விடும். டிசம்பரில் ஒரு வாரம் மட்டும், நள்ளிரவு தாண்டி ஈரோட்டுக்கு வரும் திருவனந்தபுரம் மெயிலில் ஏறிவிடுவேன். போவது கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு. 1996இல் தொடங்கிய அந்த விழாவை இன்று நடத்துவது அந்த மாநில அரசின் சலச்சித்திர அகாடமி. அந்த விழாவிலேயே 2022இல் இந்தோனேசியப் பேய்ப் படம் ஒன்றை நிசாகந்தி திறந்தவெளி அரங்கில் நள்ளிரவில் போட்டார்கள். மறு வருடம் இயக்குநர் வில்லியம் ஃபிரீட்கின் இறந்துபோனார். அவர் நினைவாக 1973இல் வந்த 'தி எக்சார்சிஸ்ட்' படத்தை அதே அரங்கில், அதே நடுராத்திரியில் போட்டார்கள். ஒரு அரசாங்க அகாடமிக்கு ஒத்து வருவது நமக்கு ஏனுங்க ஒத்து வராது?

அந்த இரண்டாவது இரவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீங்கள் திருப்பி அனுப்பிய விமர்சனங்களில் ஒன்று அதைப் பற்றியதுதான்.

என்னைச் சுற்றிக் கல்லூரிப் பையன்கள். ஐம்பது வருடப் பழைய படம், சிரிக்கலாம் என்றுதான் வந்திருந்தார்கள். சிரிக்கவும் செய்தார்கள். கட்டில் குலுங்கியபோது விசில்கூடப் பறந்தது. கூட்டம் அடங்கியது பேய் வந்த இடத்தில் இல்லை. ஆஸ்பத்திரியில், பேய் பிடித்த அந்தப் பெண் குழந்தையைப் படுக்க வைத்து, கழுத்தில் ஊசி ஏற்றிப் பரிசோதனை செய்யும் காட்சி ஒன்று வரும். பேயும் இல்லை, மந்திரமும் இல்லை, வெள்ளை விளக்கும் இயந்திரச் சத்தமும்தான். பக்கத்துப் பையன் பாப்கார்ன் பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு அந்த வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. பேயை நம்பாதவனுக்கும் ஊசி தெரியும். முதலில் அந்த ஊசியால் நம்மைத் திடம் இல்லாமல் ஆக்கிவிட்டுத்தான் படம் பேயைக் கொண்டுவருகிறது. இதை நான் வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்க மாட்டேன். கூட்டம் எங்கே மூச்சை நிறுத்தியது என்று குறித்துக்கொண்டு வருவதுதான் விழாவில் படம் பார்த்து எழுதுகிறவனின் வேலை என்று நினைக்கிறேன்.

நம் மலர்களில் வரும் எழுத்து அப்படி இருப்பதில்லை. சுயாதீனப் படம் என்றால் 'மெதுவாக நகர்கிறது', திகில் படம் என்றால் 'பயமே வரவில்லை'. இந்த இரண்டு வாக்கியத்துக்குள் முக்கால்வாசி விமர்சனம் முடிந்துவிடுகிறது. நானும் அப்படி எழுதியவன்தான். ஒரு நாளைக்கு நான்கு படம் பார்த்து, நான்காவதில் கண் சொருகி, 'இரண்டாம் பாதி தொய்வு' என்று குறித்து வைத்த பழைய நோட்டுகள் இருக்கின்றன. அது படத்தின் தொய்வா, மத்தியானம் தின்ற மீன்குழம்புச் சோற்றின் தொய்வா என்று இப்போது யாரைப் போய்க் கேட்பது? அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். படம் விட்டதும் அன்றைக்கு ராத்திரியே எழுதிவிட வேண்டும். முடியாவிட்டால் அந்தப் படத்தைப் பற்றி எழுதவே கூடாது. இருட்டில் பென்சிலால் கிறுக்கியது மறுநாள் எனக்கே புரியாது என்பதும் ஒரு காரணம்.

பயம் என்பது வெளியூர்ச் சரக்கு, இங்கே செல்லாது என்று ஒரு நினைப்பு உங்களுக்கு இருக்கிறதோ என்று சந்தேகம். எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, என்னை உடுக்கடிப் பாட்டுக்குக் கூட்டிப் போவார். பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியின் அண்ணமார் கதை, ராத்திரி ராத்திரியாக நடக்கும். கொம்பன் பன்றி வரப்போகிற இடத்தில் பாட்டுக்காரர் உடுக்கையைச் சட்டென்று நிறுத்துவார். பெட்ரோமாக்ஸ் விளக்கின் இரைச்சல் மட்டும் கேட்கும். கூட்டத்தில் ஒரு குழந்தைகூட அசையாது. திரும்பி வரும்போது வேலங்காட்டைத் தாண்டும் வரை அப்பாருவின் துண்டை நான் விட மாட்டேன். சத்தத்தை நிறுத்திப் பயமுறுத்தும் அந்த வித்தையைத்தான் இன்றைக்கு வெளிநாட்டுத் திகில் படங்களிலும் பார்க்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. படுகளத்தில் பொன்னரும் சங்கரும் சாவார்கள், தங்கை வந்து எழுப்புவாள் என்பது அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். முடிவு தெரிந்தே பயந்தார்கள், அழுதார்கள். ஆகவே முடிவைச் சொல்லலாமா கூடாதா என்று நம் விமர்சகர்கள் போடும் சண்டை எனக்குச் சின்ன விஷயமாகத்தான் படுகிறது. ஆனால் சொல்லும் முறை என்று ஒன்று இருக்கிறது. 'நசீர்' படத்தையே எடுத்துக்கொள்வோம். கோவையில் வளர்ந்த கதை, கோவையில் எடுத்த படம். திலீப்குமாரின் 'ஒரு குமாஸ்தாவின் கதை'யை வைத்து அருண் கார்த்திக் எடுத்தது. 2020இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவில், ஆசியப் படங்களுக்கான நெட்பேக் விருது வாங்கியது. உங்கள் பழைய மலர் ஒன்றில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள், சந்தோஷம். அந்தப் பக்கத்தின் முதல் வரியிலேயே கடைசிக் காட்சியைப் போட்டுவிட்டார்கள். மீதியெல்லாம் மதநல்லிணக்கம். படத்தில் இருப்பதோ ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டும் ஒரு மனுசனின் ஒரு நாள். மனைவியை பஸ் ஏற்றிவிடுகிறார், தண்ணீர் பிடிக்கிறார், கவிதை சொல்கிறார். இதற்கெல்லாம் பின்னால் எங்கோ ஒலிபெருக்கி மதவெறி பேசிக்கொண்டே இருக்கிறது. நாம் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை, அவரும் போட்டுக்கொள்வதில்லை. என்னைப் பொறுத்தவரை அது பேய் இல்லாத திகில் படம். அந்த ஒலிபெருக்கியைப் பற்றி உங்கள் மலரில் ஒரு சொல்கூட இல்லை. திகில் படங்களைக் கவனித்து எழுதிப் பழகிய ஆள் என்றால் முதலில் அந்தச் சத்தத்தைத்தான் பிடித்திருப்பார்.

போனில் சொன்ன இன்னொரு காரணம் சென்சார். சான்றிதழ் வாங்காத எந்தப் படத்தையும் விழாவில் போட, 1952ஆம் வருட ஒளிப்பதிவுச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்கீழ் ஒன்றிய அரசிடம் விலக்கு வாங்கியாக வேண்டும். காதல் படத்துக்கும் அதே மனுதான், பேய்ப் படத்துக்கும் அதே மனுதான். வம்பு வருவது பேயால் இல்லை. சனல்குமார் சசிதரனின் மலையாளப் படம் 'எஸ் துர்கா' 2017இல் ராட்டர்டாமில் முதல் பரிசான டைகர் விருதை வாங்கியது. ராத்திரியில் வழியில் நிற்கும் ஒரு பெண்ணையும் பையனையும் ஒரு வேன் ஏற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான் கதை. நடுநடுவே காளி கோயிலில் முதுகில் கொக்கி மாட்டித் தொங்கும் கருடன் தூக்கம். கேரள உயர் நீதிமன்றம் திரையிடச் சொல்லியும் அந்த வருடம் கோவாவில் நடந்த இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் அது திரையிடப்படவில்லை. அதில் ஒரு பேய்கூடக் கிடையாது.

உங்கள் தயக்கத்துக்கு நம் ஊர்ப் பேய்ப் படங்களும் ஒரு காரணம் என்பது தெரியும். பெரிய பங்களா, நாலு காமெடியன், கடைசியில் அம்மன் பாட்டு. அக்கா பிள்ளைகளோடு நானும் போய்ப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் வருகிறேன். அது ஒரு பக்கம் இருக்கட்டும். காசில்லாதவன் சினிமாவுக்குள் நுழைய உலகம் முழுக்க இருந்த வாசல் திகில் படம்தான். ஜார்ஜ் ரொமேரோவும் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்த அவருடைய கூட்டாளிகளும் பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டை வைத்து, சுமார் 1,14,000 டாலரில் எடுத்து, 1968இல் வெளியான 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' இன்றைக்கும் ஓடுகிறது. பண்ணை வீடு என்றால் நமக்குத் தோட்டத்துச் சாளை. காங்கயம் பக்கம் எத்தனை சாளை பூட்டிக் கிடக்கிறது! திருப்பூரில் கல்யாண வீடியோ எடுக்கும் பையன்களில் நாலு பேர் ஒன்றுசேர்ந்து அப்படியொரு படம் எடுத்தால், அதை முதலில் எங்கே கொண்டுவந்து காட்டுவார்கள்? உங்களிடம்தான் வர வேண்டும். வாசலிலேயே ஒத்து வராது என்று சொல்லிவிட்டால் பொள்ளாச்சி தாண்டிப் பாலக்காட்டுக்குத்தான் போவார்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. விழாவில் ஒரே ஒரு நடுராத்திரிக் காட்சி. காலை பத்து மணிக்குப் போட்டுவிட்டு 'கூட்டம் இல்லை' என்று சொல்லக் கூடாது. அரங்கம் சின்னதாக இருந்தாலும் ஸ்பீக்கர் நன்றாக இருக்க வேண்டும், திகில் படத்தில் பாதி அதுதான். நெஞ்சு வலிக்காரர்களுக்கும் சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்களுக்கும் கதவில் ஒரு எச்சரிக்கை ஒட்டிவிடுங்கள். மலரில் அந்தப் படத்துக்கும் மற்றப் படங்களைப் போல முழுப் பக்கம் கொடுங்கள். எழுதுவது நானாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சாமிக்கண்ணு வின்சென்ட் ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டிவிட்டு, 1914இல் வெரைட்டி ஹாலைக் கட்டிய ஊர் இது. ராத்திரியில் படம் பார்க்க நம் ஜனங்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு சிரமம் மட்டும் எனக்கு உண்டு. படம் இரண்டு மணிக்கு விட்டால், எங்கள் ஊருக்குள் போகும் முதல் டவுன் பஸ்ஸைப் பிடிக்க விடிய வேண்டும். அரங்கத்து வராண்டாவில் ஒரு பெஞ்சும் ஒரு லைட்டும் அணைக்காமல் விட்டு வைத்தால் போதும். அங்கேயே உட்கார்ந்து எழுதி, காலையில் உங்கள் மேசை மேல் வைத்துவிட்டுக் காந்திபுரத்துக்குக் கிளம்பிவிடுவேன்.

இப்படிக்கு,
இரண்டு விமர்சனங்கள் திரும்பி வந்த ஒரு வாசகன்