கப்பலுக்கு நான்கு பக்கம், கறுப்பருக்கு ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாத வானொலிச் சிறப்பிதழில், உரிமம் இல்லாமல் கடலிலிருந்து ஒலிபரப்பிய ரேடியோ கரோலைன் கப்பலுக்கு நான்கு பக்கம், வண்ணப் படம் எல்லாம் போட்டிருந்தீர்கள். சந்தோஷம். கடைசியில் ஒரு வரி: ‘பின்னாளில் லண்டன் கறுப்பின இளைஞர்களும் பொழுதுபோக்காக இப்படிச் சில நிலையங்களை நடத்தினர்.’

பொழுதுபோக்காக! 1964இல் கடலில் நின்று பாட்டுப் போட்ட வெள்ளைக்காரர் புரட்சியாளர். மொட்டைமாடியில் ஏரியல் கட்டிய கறுப்பர் மட்டும் பொழுது போகாதவர். நல்ல நியாயம்.

உங்களுக்குத் தெரியாததா? லெப்கி என்ற லீராய் ஆண்டர்சன் 80களின் தொடக்கத்தில் வடமேற்கு லண்டன் நீஸ்டனில் தன் வீட்டுப் பின்தோட்டத்தில் ஆரம்பித்ததுதான் ட்ரெட் பிராட்காஸ்டிங் கார்ப்பரேஷன், சுருக்கமாக டிபிசி. பிரிட்டனில் கறுப்பர்களே சொந்தமாக நடத்திய முதல் இசை வானொலி. பெயரிலேயே பிபிசிக்கு ஒரு குட்டு. உரிமம் பெற்ற நிலையங்களில் அப்போது ஜமைக்காவின் ரெகே இசைக்கு வாரத்தில் ஏதோ சில மணி நேரம்தான். டிபிசியில் பேசிப் பழகிய லெப்கியின் சகோதரி மிஸ் பியைத்தான் பிறகு பிபிசி ரேடியோ 1 கூப்பிட்டுக்கொண்டது.

நான் அப்போது ஹார்ல்ஸ்டன் பக்கம் ஒரு பெற்றோல் செட்டில் இரவு வேலை. கூட நின்ற ஜமைக்காக்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் சின்ன ரேடியோ ஒன்று வைத்திருந்தார். ஏரியல் முறிந்து, கோட் மாட்டும் கம்பியைச் செருகியிருந்தார். டயலில் டிபிசி வரும் இடத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு. பாட்டு நடுவில் திடீரென்று வெறும் இரைச்சல் வரும். அதிகாரிகள் வந்து டிரான்ஸ்மிட்டரைப் பறித்துவிட்டார்கள் என்று அர்த்தம். “தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்” என்பார், சில்லறை எண்ணுவதை நிறுத்தாமலே. கொஞ்ச நாளில் மறுபடி கேட்கும். பொழுதுபோக்குக்கா திரும்பத் திரும்பப் புது டிரான்ஸ்மிட்டர் வாங்குவார்கள்?

1984 தொலைத்தொடர்புச் சட்டம் கருவிகளைப் பறிப்பதை இன்னும் சுலபமாக்கியது. அந்த ஆண்டோடு டிபிசி ஓய்ந்தது. சரி, உரிமம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். 1985இல் சமூக வானொலிகளைப் பரீட்சார்த்தமாக அனுமதிக்கிறோம் என்று உள்துறை அமைச்சு விண்ணப்பங்களை வாங்கியது, மறு ஆண்டே கைவிரித்தது. சமூக வானொலிக்கென்று தனி ஆணை வந்தது 2004இல்!

இது உங்களுக்குப் புதிதும் இல்லை. 1981 பிரிக்ஸ்டன் கலவரம் பற்றி எழுதியபோது உடைந்த கடைகளின் படம் மட்டும் போட்டீர்கள். அந்த ஜனவரியில் நியூ கிராஸ் வீட்டுத் தீயில் 13 கறுப்பினப் பிள்ளைகள் செத்ததற்கு ஒரு சொல் இல்லை. அதுபற்றி நான் எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டி, ‘வாசகர் ஆதங்கம்’ என்று தலைப்பும் வைத்தீர்கள். நம்மவர் கல்யாண வீடுகளில் கறுப்பரை ‘காப்பிலி’ என்று சொல்லிச் சிரிப்பதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பத்திரிகையாவது வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். சவுத்ஹாலில் ஆசியர் நடத்திய சினா ரேடியோவும் உரிமம் இல்லாமல்தான் ஓடியது. அது மட்டும் உங்களுக்கு ‘முன்னோடி’, அதுவும் அதே இதழில்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. திருத்தம் போடும் மூலையில் அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு, டிபிசி, நீஸ்டன் என்று இரண்டு பெயரைச் சேருங்கள். இந்தக் கடிதத்தையும் வெட்டுவதானால் பெற்றோல் செட் கதையை வெட்டுங்கள். சந்தாவை நிறுத்திவிடுவேன் என்று மிரட்டவும் வழியில்லை, போன வாரம்தான் புதுப்பித்தேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய சந்தாதாரர், லண்டன்