கரிப்பு மணிகளை அம்மாவுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டு சென்ற இதழில் நீங்கள் வெளியிட்டிருந்த வாசகர் கடிதங்களை ஒன்று விடாமல் படித்தேன். அதில் ஒருவர், ராஜம் கிருஷ்ணன் நாவல்கள் ஆய்வறிக்கை மாதிரி இருக்கின்றன, தகவல் இருக்கிறது, கதை இல்லை, பத்துப் பக்கத்துக்கு மேல் போக முடியவில்லை என்று எழுதியிருந்தார். எந்த நாவலைக் கையில் எடுத்தார் என்று சொல்லவில்லை. ஒரு மாதமாக நான் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி அவர் எழுதிய 'கரிப்பு மணிகள்' நாவலைப் படித்துக்கொண்டிருக்கிறேன், அதுவும் தனியாக இல்லை, அம்மாவுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டு. அதனால் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மா தூத்துக்குடி உப்பளத்தில் 26 வருஷம் வேலை பார்த்தவள். ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு, ஆனாலும் முன்பெல்லாம் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பி அடிக்கிற வெயிலிலேயே அத்தனை வருஷமும் நின்றதில் கண் மங்கிப்போய்விட்டது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஓர் அத்தியாயம் வாசிப்பேன், பெரும்பாலும் அது பாதியிலேயே நின்றுவிடும், ஏனென்றால் அம்மா பேச ஆரம்பித்துவிடுவாள். நாவலின் நாயகி பொன்னாச்சி அளத்து வேலைக்கு, அதாவது உப்பள வேலைக்குப் போகிற இடம் வந்ததும், "அவளுக்குக் கால் வெடிச்சிருக்குமே, அதை எழுதிருக்காளா?" என்று கேட்டாள். பனஞ்சோலை அளம் கதையில் வருகிற பெயர்தான் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, அது இன்ன இடம்தான் என்று ஒன்றை முடிவு செய்து வைத்திருக்கிறாள். பொன்னாச்சி நடக்கிற பாதை முழுக்க அம்மாவுக்குத் தெரியும்.

அந்த வாசகர் தகவல் என்று எதைச் சொல்கிறார் என்பதைத்தான் நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். தெப்பம் என்கிற தேக்கத்தில் உப்புத் தண்ணீரை நிறுத்தி முற்றவிடுவது, பாத்தியை மிதித்து இறுக்குவது, பக்குவம் பார்த்துத் தண்ணீர் பாய்ச்சுவது, உப்பு இறங்கியதும் வாருபலகையால் வாருவது, பெட்டி பெட்டியாகத் தலையில் சுமந்து போய் அம்பாரத்தில், அதாவது உப்புக் குவியலில் கொட்டுவது, உப்பு எடுத்த பிறகு மிஞ்சுகிற நஞ்சுத் தண்ணீரை வெளியேற்றுவது, இதெல்லாம் நமக்குத் தகவல், சரி. பொன்னாச்சிக்கு அது விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்குமான வாழ்க்கை இல்லையா? காலில் இருக்கிற வெடிப்பில் அந்தத் தண்ணீர் படும்போது எப்படி எரியும் என்று தெரியாமல் அவள் மனசில் என்ன ஓடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நேரடியாக வேலைக்கு எடுத்தவர்களுக்கும் கண்டிராக்டில் வந்தவர்களுக்கும் கூலியில் என்ன வித்தியாசம் என்று புரியாவிட்டால் நாவலில் வருகிற ராமசாமிக்கு ஏன் அவ்வளவு கோபம் வருகிறது என்பதும் புரியாது. மேலே நின்று வேலை வாங்குகிறவனின் பார்வைக்குப் பயந்துகொண்டே ஒரு பெண் குனிந்து வாரவேண்டியிருக்கிறது. அந்த இடத்தை வாசித்தபோது மட்டும் அம்மா எதுவும் சொல்லவில்லை. நானும் அன்றைக்கு அதோடு மூடி வைத்துவிட்டேன்.

இதற்கு முன்னால் வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' படித்தேன். 1977-ல் வந்தது, அதுவும் எங்கள் பக்கத்துக் கடல், மணப்பாடு. ஒரே ராத்திரியில் முடித்தேன். அதன் நாயகி பிலோமியை நினைத்தால் இன்னும் நெஞ்சு கனக்கிறது. வல்லம் என்கிற நாட்டுப் படகுக்காரர்களுக்கும் லாஞ்சு என்கிற விசைப்படகுக்காரர்களுக்கும் நடக்கிற சண்டையை விட மனுஷர்கள் ஒருவர் மேல் ஒருவர் வைத்திருக்கிற பிரியம்தான் அதில் முன்னால் வந்து நிற்கிறது, அந்த மாதிரி நாவல் தமிழில் அபூர்வம். ஆனால் அதைப் படித்துவிட்டு வந்து 'கரிப்பு மணிகள்' மேல் குறை சொன்னால், கடலை அளக்கிற படியால் உப்பளத்தை அளந்த மாதிரி ஆகிவிடும். வேலை எப்படி ஒரு குடும்பத்தின் உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது என்பதை நான் இந்த நாவலில்தான் பார்த்தேன்.

குறை இல்லாமல் இல்லை. சில இடங்களில் பாத்திரங்கள் பேசுவது நீண்டுகொண்டே போகிறது, மேடையில் பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறது. பேச்சு வழக்கிலும் சில வார்த்தைகள் எங்கள் ஊர் வார்த்தை இல்லை என்று அம்மா சொல்கிறாள். முசிறியில் பிறந்து, 15 வயதில் கல்யாணமாகி, கல்லூரிப் பக்கமே போகாத ஒருவர் தூத்துக்குடிக்கு வந்து உப்பளத்து ஜனங்களோடு பேசிப் பழகி இவ்வளவு தூரம் எழுதியிருப்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நீலகிரி படுகர்களைப் பற்றி 'குறிஞ்சித் தேன்', தஞ்சை விவசாயக் கூலிகளுக்காகப் போராடிய மணலூர் மணியம்மாளைப் பற்றி 'பாதையில் பதிந்த அடிகள்', சம்பல் கொள்ளைக்காரர்களைப் பற்றிக்கூட ஒரு நாவல் என்று எதை எழுதுவதானாலும் அந்த இடத்துக்கே போனவர் அவர்.

'கரிப்பு மணிகள்' வந்தது 1979-ல். இப்போதும் பெண்கள் தலையில் உப்புச் சுமக்கிறார்கள். மழை பிடித்துக்கொண்டால் அக்டோபரிலிருந்து அளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு கொடுக்கத் தொடங்கியதே இந்தச் சில வருஷங்களில்தான். அம்மா காலத்தில் அந்த மாதங்களில் வட்டிக்கு வாங்கித்தான் அடுப்பெரிந்தது, அந்தக் கடனை அடைக்கத்தான் தை பிறந்ததும் மறுபடி அளத்துக்கு ஓடுவாள்.

நான் எடுத்து வந்த நூலகப் பிரதியில் கடைசிப் பக்கங்கள் இல்லை. அதனால் மிச்சத்தை போனில் பார்த்து வாசிக்கிறேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, புத்தகத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டேதான் கேட்பாள். ராஜம் கிருஷ்ணன் எழுத்துகளை 2009-லேயே தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். கண் மங்கியவர்களும் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில், மலிவு விலையில் யாராவது போட்டால் முதல் பத்துப் பிரதி நான் வாங்கிக்கொள்கிறேன், எங்கள் தெருவிலேயே கொடுக்க ஆள் இருக்கிறது. நீங்களும் உங்கள் பத்திரிகையில் ஓர் அத்தியாயத்தை வெளியிடலாமே, பொன்னாச்சி வேலைக்குப் போகிற பகுதியாகப் பார்த்துப் போடுங்கள். அந்த வாசகரும் அதைப் படித்துவிட்டு மறுபடி எழுதட்டும்.

இன்னும் நான்கு அத்தியாயம் பாக்கி இருக்கிறது. அடுத்து அவருடைய 'அலைவாய்க் கரையில்' நாவலை எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தூத்துக்குடி