சொரிமுத்தையனார் கோயிலில் குடில் போடும் குடும்பங்களுக்கு ஒரு மடல்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, மதினிமாரே,

ஆடி அமாவாசைக்குத் திருநெல்வேலி மாவட்டம் காரையாற்றில் இருக்கிற சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போகிற பேச்சு தொடங்கிவிட்டது. வனத்துறைக்காரர்கள் எத்தனை நாள் தங்க விடுவார்கள், சொந்த வண்டியை விடுவார்களா, செக்போஸ்டில் எதையெல்லாம் பிடுங்கிக்கொள்வார்கள் என்பதுதான் எல்லார் வாயிலும். கட்டுப்பாடு கூடிக்கொண்டே போகிறது என்கிற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் நாம் தங்குவதற்குப் போடுகிற குடில்களைப் பிரித்த பிறகு தாமிரபரணி ஆற்றங்கரை கிடக்கிற கிடையைப் பார்த்தால் முழுசாகக் கோபப்பட முடியவில்லை.

கோயில் இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள். 1988-ல் காப்பகம் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நம் ஆட்கள் அங்கே பொங்கலிட்டு வருகிறார்கள், சரி. அந்த உரிமையை நம் கையாலேயே தொலைத்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் துணி. குளித்ததும் ஈரத்துணியை ஆற்றோடு விட்டால் பாவம் போகும் என்கிறார்கள். பாவத்தின் கதை எனக்குத் தெரியாது, துணி எங்கேயும் போவதில்லை. பாறை இடுக்கில் சுற்றிக்கொண்டு கிடக்கிறது. பாலியஸ்டர் சேலை மட்கவும் செய்யாது. அந்தத் தாமிரபரணித் தண்ணீரைத்தான் தூத்துக்குடி மாவட்டம் வரைக்கும் குடிக்கிறார்கள். ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்து அங்கேயே போடுகிறவர்களுக்கும் இதேதான்.

அப்புறம் கிடா வெட்டிய மிச்சமும் சோறும். குடிலுக்குப் பின்னால் கொட்டினால் பன்றியும் குரங்கும் வந்து ருசி கண்டுவிடும். ருசி கண்ட குரங்கு அடுத்த வருசம் நம் பானையில்தான் கைவைக்கும்.

அந்தக் கோயிலில் இருக்கிற காவல் தெய்வம் பட்டவராயனுக்குச் செருப்பு காணிக்கை வைக்கிறோம். ராத்திரியில் அவர் அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறார், அதனால்தான் தேய்கிறது என்று நம்புகிறோம். அவர் நடக்கிற அதே மண்ணில் பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டு வர எப்படித்தான் மனசு வருகிறதோ! (குடிக்கிறவர்களைத் திருத்துவது என் வேலையில்லை. கண்ணாடியையாவது பொறுக்கிக்கொண்டு வாருங்கள்.)

சாமான் கட்டும்போதே எவர்சில்வர் தட்டும் இரண்டு சாக்கும் எடுத்து வையுங்கள். ஒரு சாக்கு குப்பைக்கு, இன்னொன்று ஈரத்துணிக்கு. சோப்பு போடுவதாக இருந்தால் ஒரு வாளித் தண்ணீர் மொண்டு, கரையை விட்டுத் தள்ளிப் போய்க் குளியுங்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் சாக்குக்கு ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள், அது எப்போதும் வீட்டுப் பெண்களாகவே இருக்க வேண்டாம். திரும்பும்போது பஸ்ஸில் இடமில்லை என்று அந்தச் சாக்கை மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள்.

இப்படிக்கு,
ஆடிக்கு ஆடி உங்களோடு குடில் போடுகிற ஒருவன்