உங்கள் கையெழுத்து ஃபான்ட்டில் ஆங்கில 'வி'யும் (v) 'இ'யும் (e) சேரவில்லை

வணக்கம்,

வாழ்த்து அட்டை வடிவமைப்பதற்காகப் போன மாதம் உங்களிடம் சேர்த்தெழுதும் கையெழுத்து ஃபான்ட் ஒன்றை வாங்கினேன். என் முதல் மெயிலுக்கு வந்த பதிலைப் பார்த்தால் அதை யாரும் முழுசாகப் படித்ததாகவே தெரியவில்லை, அதனால் மறுபடி எழுதுகிறேன்.

சேர்த்தெழுதும்போது பெரும்பாலான ஆங்கில எழுத்துகளின் வால் கீழே, கோட்டை ஒட்டி முடியும். ஓ, வி, டபிள்யூ போன்ற சிலவற்றுக்கு வால் மேலே முடியும், அவற்றுக்கு அடுத்த எழுத்து மேலிருந்தே கிளம்ப வேண்டும். உங்கள் ஃபான்ட்டில் அந்த ஏற்பாடே இல்லை. வாழ்த்து அட்டையில் 'லவ்' (love) என்ற சொல் இல்லாமல் முடியுமா? அதன் கடைசியில் 'வி'யின் வால் மேலே அந்தரத்தில் நிற்கிறது, 'இ'யின் தொடக்கக் கோடு கீழே கிடக்கிறது, நடுவில் முடி கனத்துக்கு ஒரு வெள்ளை. திரையில் எனக்குத் தெரியவில்லை. அட்டையின் முகப்பில் பெரிதாக அச்சாகி வந்ததும் வாடிக்கையாளர் அந்த இடத்தில்தான் முதலில் விரல் வைத்தார்.

அப்புறம் 'பலூன்'. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு எல், இரண்டு ஓ அடுத்தடுத்து வரும். கையால் எழுதும் யாருக்கும் இரண்டு எல் ஒரே மாதிரி விழாது, கையெழுத்து ஃபான்ட்டை நாம் தேடிப் போவதே அதற்காகத்தான். உங்கள் விற்பனைப் பக்கத்துப் படத்தில் இரண்டு எல்லும் வேறு வேறாக இருக்கின்றன, ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று வடிவம் என்றும் போட்டிருக்கிறீர்கள். எனக்கு வந்த கோப்பில் அச்சடித்தாற்போல ஒன்றே. பக்கத்து எழுத்தைப் பார்த்து வடிவத்தை மாற்றிப் போடும் 'கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்நேட்ஸ்' வசதி வேர்டில் தானாக இயங்காது, நாமே டிக் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும், செய்தும் பார்த்தேன். கடைசியில் ஃபான்ட் எடிட்டரில் திறந்தால் எழுத்துக்கு ஒரு வடிவம்தான் உள்ளே இருக்கிறது.

'லெட்டர் ஸ்பேசிங்கைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள்' என்கிறது உங்கள் பதில். சேர்ந்தெழுதும் ஃபான்ட்டில் இடைவெளியைக் கூட்டினால் நன்றாகச் சேர்ந்திருக்கும் எழுத்துகளும் பிய்ந்துபோகும், குறைத்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். எழுத்துரு விற்பவர்கள் சொல்லும் யோசனையா இது? பிரெஞ்சு எழுத்துரு வடிவமைப்பாளர் ரோஜர் எக்ஸ்கோஃபோன் தன் கையெழுத்தை வைத்தே வடிவமைத்து 1953இல் வெளிவந்த மிஸ்ட்ரல் எழுத்துருவில், தனித்தனி ஈய அச்சுகளாக இருந்தபோதே எழுத்துகள் கைகோத்து ஓடின.

வேறு வழியில்லாமல் ஒவ்வொரு சொல்லையும் அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டுப் படமாக மாற்றி, பென் டூலால் இணைப்பை நானே வரைந்தேன். மூன்று இரவு போனது. அவுட்லைன் ஆக்கிவிட்டால் அட்டையில் வரும் பெயரில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது என்பதால் திருத்தம் வரும்போதெல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

எனக்கு இந்த ஃபான்ட் பிடித்துத்தான் வாங்கினேன், அதன் சாய்வும் கோட்டின் கனமும் இப்போதும் பிடித்திருக்கிறது. படத்தில் காட்டிய மாற்று வடிவங்களும் சரியான இணைப்புகளும் உள்ள கோப்பை அனுப்புங்கள். அப்படி ஒரு கோப்பே இல்லையென்றால் பணத்தை முழுதாகத் திருப்பித் தாருங்கள், அந்தப் படத்தையும் எடுத்துவிடுங்கள். அச்சான அட்டையின் புகைப்படத்தையும் ஆர்டர் விவரத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.