ரப்பர் ஷீட் அடிக்கும் கைப்பக்குவம் சொல்லித்தந்த அண்ணனுக்கு நன்றி

கல்லூரி ஆண்டு விழாவில் பேராசிரியர்களின் சாதனைகளை வாசிப்பார்கள். குலசேகரம் பக்கத்துச் சமுதாயக் கல்லூரியில் ரப்பர் செய்முறை வகுப்பு நடத்தும் உதவியாளர் அண்ணனின் பெயர் அதில் வராது. அவரும் பெயர் போட வேண்டாம் என்கிறார். ஆனால் நன்றியை வெளியே சொல்லியே ஆக வேண்டும்.

மரத்தில் வடித்த ரப்பர் பாலில் உலர் ரப்பர், அதாவது தண்ணீர் போக மிஞ்சும் ரப்பர், 30 முதல் 40 சதவீதம் வரை மாறும். தண்ணீர் கலந்து அதை 12.5 சதவீதமாக்க வேண்டும். 35 சதவீதப் பால் 10 லிட்டர் என்றால் தண்ணீர் 18 லிட்டர். 40, 60 கண் சல்லடையில் வடிகட்டி பால் உறையும் தட்டான டிஷ்ஷுக்கு 4 லிட்டர் ஊற்றினால் அரைக் கிலோ ரப்பர் கிடைக்கும். கண்ணளவில் தண்ணீர் விட்டால் ஒரு ஷீட் தடிக்கும், இன்னொன்று மெலியும். தடித்தது, புகையில் உலர்த்தும்போது உள்ளே காயாது.

பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிடைத் தண்ணீரில்தான் ஊற்றணும், ஆசிடில் தண்ணீரை ஊற்றக் கூடாது. இதை அவர் எத்தனை முறை சொன்னாலும் சலித்ததில்லை.

உறைந்ததை ரோலரில் 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு இறக்கி, நன்றாகக் கழுவி, நிழலில் நீர் வடியவிட்ட பிறகே, புகையில் உலர்த்தும் அறையான புகைப்புரை. முதல் நாள் 40-45 டிகிரி, அப்புறம் மெதுவாக 60 வரை. எடுத்த எடுப்பில் சூடேற்றினால் குமிழி விழும், தரம் இறங்கும், விலையும் போகும்.

சிறு தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு சோறு போடுகிறது. ரொம்ப நன்றி அண்ணே.