கண்ணாடி போட்ட தலைக்கும் ஹெல்மெட் செய்யுங்கள்

ஹெல்மெட் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் ஐந்தரை. ஆறாம் வகுப்பில் மூக்கில் ஏறிய கண்ணாடி இன்னும் இறங்கவில்லை. அதைக் கழற்றிவிட்டால் முன்னால் போகும் பஸ்ஸின் நம்பர் கிடக்கட்டும், பஸ்ஸையே ஊகித்துத்தான் பார்க்க வேண்டும். சென்னையில் வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூருக்குத் தினமும் பைக்கில் போய் வருகிறேன். இந்தக் கடிதம் அந்தப் பயணத்தில், என் காதுக்கு மேலே ஒரு விரற்கடை இடத்தில் நடக்கும் கொடுமையைப் பற்றியது.

லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது படிவம் 1 என்று ஒன்றை நிரப்பிக் கொடுத்தோமே, நினைவிருக்கிறதா? நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்று அதில் ஒரு கேள்வி வரும். கண்ணாடி போடுபவராக இருந்தால் கண்ணாடியோடு படிக்கலாம் என்றும் அதிலேயே இருக்கும். ஆக, கண்ணாடியோடு ஓட்டு என்கிறது அரசு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 129, ஹெல்மெட்டோடு ஓட்டு என்கிறது. போடாவிட்டால் தமிழ்நாட்டில் முன்பு 100 ரூபாய் அபராதம். 2022 அக்டோபரிலிருந்து 1000. இரண்டும் நியாயமான விதிகள்தான், எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் இரண்டும் வந்து உட்கார்வது ஒரே தலையில். அது உங்களில் பலருக்கு இன்னும் தெரிந்ததாகத் தெரியவில்லை.

என் காலை நேரத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். கண்ணாடியைக் கழற்றி வண்டி சீட்டில் வைப்பேன். ஹெல்மெட்டை மாட்டுவேன். அப்புறம் கண்ணாடியை எடுத்து, வைசர் (முகத்துக்கு முன்னால் இறங்கும் தகடு) திறந்த இடைவெளி வழியாக இரண்டு கம்பிகளையும் உள்ளே செருக வேண்டும். ஊசியில் நூல் கோப்பது எளிது. கன்னத்துப் பஞ்சு கம்பியை உள்ளே விடாது. தள்ளினால் கம்பி வளைந்து காதுக்கு மேலே போகாமல் காதையே குத்தும். ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால், நெற்றிப்பொட்டுக்கும் பஞ்சுக்கும் நடுவில் கம்பி சிக்கிக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது. பெருங்குடி தாண்டும்போது இரண்டு பக்கமும் யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போலத் தொடங்கும். ஆபீஸ் போய்ச் சேரும்போது தலைவலி தயாராக இருக்கும். வழியில் பெட்ரோல் போட நின்றாலோ, போலீஸ்காரர் ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னாலோ மொத்தச் சடங்கும் முதலிலிருந்து. கண்ணாடியை எடுக்க மறந்து ஹெல்மெட்டைத் தூக்கினால் அதுவும் சேர்ந்து வரும், அல்லது கீழே விழும். விழுந்த கண்ணாடியைத் தேடக் கண்ணாடி வேண்டும் என்பது எங்கள் இனத்தின் பழைய சோகம். வீட்டுக்கு வீடு இறங்கி ஏறும் டெலிவரி வேலையில் இருக்கும் கண்ணாடிக்காரர்களை நினைத்தால் என் தலைவலி ஒரு தலைவலியே இல்லை.

சரி, கடையில் போய்க் கேட்டால் என்ன சொல்கிறார்கள்? மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒருவர், "கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கங்க சார்" என்றார். நான் தினமும் போகும் ஓஎம்ஆர் சாலையின் புழுதியைக் கண்ணில் வாங்கியவர் அப்படிச் சொல்லமாட்டார். இன்னொருவர் பிளேடை எடுத்துப் பஞ்சைக் கீறித் தருவதாகச் சொன்னார். மூன்றாமவர் சொன்னதுதான் எனக்குப் பயம் தந்தது: "ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கங்க, கம்பி ஈஸியாப் போகும்."

போகும்தான். விழும்போது ஹெல்மெட்டும் ஈஸியாகப் போகும். சரியான ஹெல்மெட் என்றால் அதைப் பிடித்து ஆட்டும்போது கன்னத்துத் தோலும் கூடவே நகர வேண்டும். புதிதில் கன்னம் உப்பித் தெரியும் அளவுக்கு இறுக்கமாக இருந்தால்தான், சில மாதத்தில் பஞ்சு அமுங்கிய பிறகும் தலையில் நிற்கும். லூசான ஹெல்மெட் அடிபடும்போது சுழன்றுவிடும், கழன்றும் போகலாம். இதெல்லாம் நீங்கள் அறியாததல்ல. ஆனால் உங்கள் பொருளை விற்பவர், கண்ணாடிக்காரனுக்கென்று தருகிற யோசனை இதற்கு நேர் எதிர்.

சைஸ் மாற்றாதவர்கள் வேறொன்று செய்கிறார்கள். என் ஆபீஸ் பார்க்கிங்கில் நோட்டம் விட்டிருக்கிறேன். கண்ணாடி போட்டவர்களில் பலர் கையில் தொங்குவது முகம் திறந்த ஹாஃப் ஹெல்மெட். காரணம் கேட்டால் ஒரே பதில்தான்: கம்பி குத்தாது, மாட்டக் கழற்றச் சுலபம். தாடைக்குப் பாதுகாப்பு இல்லை என்று தெரிந்தேதான் வாங்கியிருக்கிறார்கள். கண்ணுக்கும் தாடைக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு ஒருவரைத் தள்ளுவது, கன்னத்துப் பஞ்சில் இல்லாத ஒரு சின்னப் பள்ளம்.

பள்ளம் என்றால் பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. கண்ணின் ஓரத்திலிருந்து காது மேல்பக்கம் வரைக்கும், கம்பி போகும் வழியில் மட்டும், பஞ்சை விரல் தடிமனுக்குக் குறைத்து ஒரு வாய்க்கால். மற்ற இடமெல்லாம் இறுக்கமாகவே இருக்கட்டும். ஜப்பான், கொரியத் தயாரிப்புகளில் இந்த வாய்க்காலைப் பார்த்திருக்கிறேன். நம் ஊர்த் தயாரிப்புகளிலும் விலை கூடிய சில மாடல்களில் வந்துவிட்டது. முடியும் என்பதற்கு நீங்களே சாட்சி. ஆனால் அது ஏன் மேல்தட்டில் மட்டும் இருக்கிறது? ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ஹெல்மெட் வாங்குபவருக்கும் காது இரண்டுதானே.

பிளேடு வைத்தியத்தை நான் ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பஞ்சோடு நின்றால் பரவாயில்லை; அடியில் இருக்கும் தெர்மோகோல்தான் அடியை வாங்குவது. அதில் ஒருவர் பிளேடு வைத்துவிட்டால், வெளியே ஒட்டிய ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு அப்புறம் என்ன அர்த்தம்? 2021 ஜூன் முதல் அந்த முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது என்று ஆனது நல்ல விஷயம். ஆனால் ஆய்வகத்தில் உயரத்திலிருந்து விழவைத்துச் சோதிக்கும் அந்த உலோகத் தலை கண்ணாடி போடுவதில்லை. அதற்குத் தலைவலியும் வராது. அந்தத் தலைக்குப் பொருந்தியது எனக்கும் பொருந்தும் என்று நீங்கள் நம்பிவிட்டீர்களோ என்று ஒரு சந்தேகம்.

மூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐப்பசி மழையில், ஏசி ஆபீஸிலிருந்து வெளியே வந்தவுடன் குளிர்ந்திருக்கும் என் கண்ணாடி சென்னையின் ஈரக்காற்று பட்டு வெள்ளையாகிவிடும். அதோடு ஹெல்மெட்டை மாட்டி வைசரை மூடினால், மூச்சுக்காற்று வைசரிலும் மூட்டம் போடும். திறந்தால் மழை உள்ளே வரும், கண்ணாடியில் துளி துளியாக நிற்கும், எதிர்வண்டியின் ஹைபீம் ஒவ்வொரு துளியிலும் ஒரு நட்சத்திரமாக வெடிக்கும். வைசருக்கு உட்பக்கம் ஒட்டும் பின்லாக் தகடு இருக்கிறது. நடுவில் காற்று சிறைபடுவதால் வைசரில் மூட்டம் படியாது. நல்ல சாமான்தான், ஆனால் என் கண்ணாடிக்கு அது ஒன்றும் செய்யாது. மூச்சைக் கீழே திருப்பிவிடும் மூக்குத் தடுப்பும், மேலே காற்றுப் போக வழியும் ஒழுங்காக இருந்தால் பாதிக் கஷ்டம் தீரும். பல ஹெல்மெட்டுகளில் மூக்குத் தடுப்பு பெயருக்கு ஒரு ரப்பர்த் துண்டு, அதுவும் இரண்டாம் மாதம் கழன்று வந்துவிடும்.

அப்பா ப்ரொக்ரஸிவ் லென்ஸ் போடுகிறார். மேல்பாதியில் தூரம், கீழ்ப்பாதியில் பேப்பர். முகம் முழுக்க மூடும் ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டை மாட்டினால் பஞ்சு கன்னத்தை மேலே தூக்குகிறது, கன்னம் கண்ணாடியைத் தூக்குகிறது, பேப்பர் படிக்கும் பாகம் நேராகக் கண் முன்னால் வந்து நிற்கிறது. ரோடு மங்கல். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு பஸ்ஸே மேல்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

நான் கேட்பது இவ்வளவுதான். விலை குறைந்த மாடலிலும் அந்த வாய்க்காலை வையுங்கள். கன்னத்துப் பஞ்சை மெல்லியது, தடித்தது என்று தனியாக விற்றால் அளவு பார்த்து மாற்றிக்கொள்வோம். பெட்டியின் மேல் காற்றுத் துளை எத்தனை, நிறம் எத்தனை என்றெல்லாம் அச்சடிக்கிறீர்களே, கண்ணாடியோடு போடலாமா என்று ஒரு வரி சேருங்கள். உங்கள் கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள்: கண்ணாடி போட்டவர் வந்தால் கண்ணாடியோடேயே மாட்டிக் காட்டட்டும், பதினைந்து நிமிடம் கழற்றாமல் இருக்கச் சொல்லட்டும், வலி அப்போதுதான் தெரியும். பெரிய சைஸை மட்டும் எடுத்து நீட்ட வேண்டாம்.

என் ஹெல்மெட்டுக்கு வயது நான்காகப் போகிறது, பஞ்சும் தளர்ந்துவிட்டது. பொங்கலுக்கு முன்னால் புதிது வாங்க வேண்டும். அப்பாவையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓஎம்ஆரில் தினமும் நெற்றிப்பொட்டைத் தடவிக்கொண்டே இறங்கும் ஒருவன்